மைக்ரேனும் மாத்திரைக் கணக்கும்

"தலைவலிக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் போதும். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டு மாத்திரையைச் சின்னக் காகித உறைக்குள் போட்டுத் தந்துவிடுவார்கள். என்ன மருந்து என்பது அட்டையின் பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட எழுத்தில் இருக்கும். வாங்குபவரும் படிப்பதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை. வலி விட்டால் சரி. மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி உள்ள பலருக்கு வருடக்கணக்கில் நடக்கிற வைத்தியம் இதுதான். எந்த மாத்திரை 'கேட்கும்', எது கேட்காது என்பதை அக்கம்பக்கத்திலும் அலுவலகத்திலும் விசாரித்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள்.

இதில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. மாத்திரை எந்த நேரத்தில் உள்ளே போகிறது என்பது ஒன்று. மாதத்தில் எத்தனை நாள் போகிறது என்பது இன்னொன்று. மருந்தின் பெயரைவிட இந்த இரண்டும்தான் மைக்ரேனில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன என்பது என் கட்சி. அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இந்த நோய் தலைக்குள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

உலகத்தில் நூறு கோடிப் பேருக்கு மேல் மைக்ரேன் உண்டு. ஏழு பேரில் ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் பக்கம் அதைவிட அதிகம் இருக்கலாம். பெங்களூரு நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தார் வீடு வீடாகப் போய் எடுத்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்தவர்கள் பெரியவர்களில் 25 சதவீதம் என்று தெரிந்தது. அதாவது நாலில் ஒருவர். சின்ன வயதில் ஆண் பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் இருக்கும். பூப்படையும் வயதுக்குப் பிறகு பெண்களின் எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. இளவயதுப் பெண்களை வேலை செய்ய முடியாமல் முடக்கிப்போடும் நோய்களில் உலக அளவில் முதலிடம் மைக்ரேனுக்குத்தான். ஆனாலும் வீட்டில் அதற்குக் கிடைக்கிற மரியாதை, "உனக்கு எப்பப் பாரு தலைவலிதான்" என்கிற அளவுக்குத்தான் இருக்கிறது.

ஒற்றைத் தலைவலி என்று பெயர் இருந்தாலும் இரண்டு பக்கமும் வரலாம். மருத்துவர்கள் பார்ப்பது வேறு சில அடையாளங்களை. மருந்து போடாமல் விட்டால் நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கும். நெற்றிப்பொட்டில் நாடித் துடிப்போடு சேர்ந்து விண் விண் என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினாலோ குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினாலோ அதிகமாகும். கூடவே குமட்டல் இருக்கும், அல்லது வெளிச்சமும் சத்தமும் தாங்காது. சாதாரண இறுக்கத் தலைவலிக்காரர் வலியோடு வலியாக வேலையை முடித்துவிடுவார். மைக்ரேன்காரர் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு, யாரும் பேசாத அறையைத் தேடுவார். இந்த அடையாளங்களோடு குறைந்தது ஐந்து தடவையாவது வந்திருந்தால்தான் மைக்ரேன் என்று உறுதியாகச் சொல்வார்கள். ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ இது தெரியாது. கதையைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கேன் 'நார்மல்' என்று வந்ததும் "ஒண்ணுமில்லை" என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்களே, அங்கேதான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

மீதிக் குழப்பம் சைனஸ். நம்மூரில் நெற்றி வலித்தால், மூக்கு ஒழுகினால், அது சைனஸ்தான். "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று பாட்டிமார்கள் சொல்வதும் அதையேதான். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய அல்லது மருத்துவராலேயே அப்படிச் சொல்லப்பட்ட சுமார் மூவாயிரம் பேரை வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. காரணம் எளிமையானது. முகத்திலிருந்தும் நெற்றியிலிருந்தும் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பு தூண்டப்படும்போது கண்ணில் நீர் வரும், மூக்கு அடைக்கும், ஒழுகவும் செய்யும். மஞ்சளோ பச்சையோ ஆன சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல், மாதாமாதம் தவறாமல் வந்து குமட்டலோடு படுக்கப்போடும் 'சைனஸ்' என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆவி பிடித்தும் ஆன்டிபயாடிக் விழுங்கியும் பல வருடம் ஓட்டியவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறைய.

பித்தமும் இதே கதைதான். வாந்தி எடுத்ததும் சிலருக்குத் தலைவலி சட்டென்று குறையும். ஆகவே வயிற்றில் இருந்த பித்தம்தான் தலைக்கு ஏறியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் குமட்டலும் வாந்தியும் வயிற்றில் ஆரம்பிப்பவை இல்லை. வலியைப் போலவே அவையும் மூளையிலிருந்து கிளம்புபவை. கண் பவர் மாறியதால் வருகிறது என்று கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. கண்ணாடி மாற்றுவதில் தப்பில்லை. மைக்ரேன் அதனால் போகாது, அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ரத்தக் குழாய் விரிவதுதான் வலிக்குக் காரணம் என்று பல காலம் நம்பினார்கள். கம்புப் பயிரைப் போலக் கதிர் விடும் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தில் பிடிக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து, எர்கோட்டமைன் என்ற பொருளை 1918இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். ரத்தக் குழாய்களை நன்றாகச் சுருக்கும் பொருள் அது. மைக்ரேனுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வலி விட்டது. 1938இல் ஹெரால்ட் வுல்ஃப் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாவும், எர்கோட்டமைன் கொடுத்த பிறகு நெற்றிப்பொட்டுக் குழாயின் துடிப்பு குறைவதையும் கூடவே வலி குறைவதையும் பதிவு செய்து காட்டினார்கள். குழாய் விரிந்தால் வலி, சுருங்கினால் நிவாரணம் என்ற கணக்கு அரை நூற்றாண்டு நின்றது.

அதை அசைத்த கண்டுபிடிப்புகள் வேறு திசையிலிருந்து வந்தன. 1944இல் பிரேசில் நாட்டைச் சேர்ந்த அரிஸ்டிடீஸ் லியாவ், முயலின் மூளையில் வலிப்பு நோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, மூளையின் மேற்பரப்பில் மின்செயல்பாடு அடங்கிப்போகும் ஓர் அலை மெதுவாக ஊர்ந்து போவதைப் பார்த்தார். நிமிடத்துக்கு சுமார் மூன்று மில்லிமீட்டர் வேகம். மைக்ரேன் வருவதற்கு முன் சிலருக்குக் கண்ணெதிரே மின்னும் வளைந்து வளைந்த கோடுகளும், நடுவில் படிக்க முடியாத ஒரு கறுப்புத் திட்டும் தோன்றி, இருபது முப்பது நிமிடத்தில் ஓரத்துக்கு நகர்ந்து மறையும். கார்ல் லாஷ்லி என்ற உளவியல் அறிஞர் தனக்கு வந்த அந்தத் திட்டையே வரைந்து வைத்து, மூளையில் அது எவ்வளவு வேகத்தில் நகர்ந்திருக்க வேண்டும் என்று 1941இல் கணக்குப் போட்டிருந்தார். அவர் சொன்னதும் அதே மூன்று மில்லிமீட்டர். இந்தக் காட்சி மைக்ரேன்காரர்களில் மூன்று நாலு பேரில் ஒருவருக்குத்தான் வரும். முதல் தடவை வரும்போது கண் போய்விட்டது என்றே பயந்துவிடுவார்கள்.

மூளைக்குத் தனக்கென்று வலி தெரியாது. அதை மூடியிருக்கும் உறைக்குத் தெரியும். அந்த உறையின் ரத்தக் குழாய்களைச் சுற்றி முக்கிளை நரம்பின் நுனிகள் பின்னிக்கிடக்கின்றன. மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் கவனத்தைத் திருப்பியது இந்த இடத்துக்கு. அந்த நரம்பு நுனிகள் தூண்டப்பட்டதும் சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கை வெளியே விடுகின்றன. மைக்ரேன் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் கழுத்து நாளத்து ரத்தத்தில் அது ஏறியிருப்பதை 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் அளந்து காட்டினார்கள். அதே பொருளை ரத்தநாளம் வழியாக ஏற்றினால் மைக்ரேன் உள்ளவர்களுக்கு மைக்ரேன் வருகிறது என்று யெஸ் ஒலெசனின் டென்மார்க் குழு காட்டியது. இந்த நால்வருக்கும் சேர்த்து 2021இல் டென்மார்க்கின் மூளை ஆய்வுப் பரிசு கிடைத்தது. ரத்தக் குழாய் விரிவது இந்த நாடகத்தில் துணைப் பாத்திரம்தான் என்பது இன்றைய பார்வை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சத்தம், ஒரே வெளிச்சம் திரும்பத் திரும்ப வந்தால் சாதாரண மூளை கொஞ்ச நேரத்தில் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மைக்ரேன் உள்ளவர்களின் மூளை வலி இல்லாத நாட்களிலும் அப்படிப் பழகிக்கொள்வதில்லை என்று மின்அலைச் சோதனைகளில் தெரிகிறது. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும், அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கும் மேல் இதுவரை அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. சின்ன வயதில் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுத்த பிள்ளைகள், காரணமில்லாமல் அடிக்கடி வயிற்றுவலி என்று ஸ்கூலுக்கு லீவு போட்ட பிள்ளைகள் பிற்பாடு மைக்ரேன்காரர்களாக ஆவதும் உண்டு.

இனி நேரத்தின் விஷயத்துக்கு வரலாம். மைக்ரேன் வலியோடு ஆரம்பிப்பதில்லை. சில மணி நேரம் முன்னால், சிலருக்கு முந்தின நாளே, கொட்டாவி கொட்டாவியாக வரும். பிடரி இறுகும். எரிச்சல் வரும். அடிக்கடி சிறுநீர் போகும். இனிப்பு மேல் திடீர் ஆசை வரும். (சாக்லேட் சாப்பிட்டதால் தலைவலி வந்தது என்று பலர் சொல்வது இங்கே தலைகீழாக இருக்கலாம், வரப்போகும் மைக்ரேன்தான் சாக்லேட்டைத் தேட வைத்திருக்கும்.) அப்புறம் வலி மெல்ல ஏறும். ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் ஆனதும் இன்னொரு மாற்றம் நடக்கும்: தலைத்தோலே வலிக்க ஆரம்பிக்கும். சீப்பு வைக்க முடியாது. கட்டியிருக்கும் கொண்டை பாரமாகும். பெண்கள் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றி வைப்பார்கள், ஆண்கள் கண்ணாடியைக் கழற்றுவார்கள், அந்தப் பக்கம் தலையணையில் படக்கூடாது. தொடுவதெல்லாம் வலியாகிறது என்றால், வலி நரம்பு நுனியைத் தாண்டி மூளையின் உள் நிலையங்கள் வரை பற்றிக்கொண்டுவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்துக்குப் பிறகு போடும் மருந்து பாதிக்குப் பாதி வேலை செய்வதே பெரிது.

வயிறும் அந்த நேரத்தில் ஒத்துழைக்காது. மைக்ரேன் வந்தால் இரைப்பை மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். கொஞ்ச நேரத்தில் வாந்தியாக வெளியே வந்துவிடும். "மாத்திரை போட்டும் கேட்கலை" என்பவர்களில் பலருடைய மாத்திரை ரத்தத்தில் கலக்கவே இல்லை. இதனால்தான் மருத்துவர்கள் வலி மாத்திரையோடு டோம்பெரிடோன் அல்லது மெட்டோக்ளோப்ரமைட் போன்ற குமட்டல் மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள். அது வாந்தியை நிறுத்துவதோடு இரைப்பையையும் நகர வைக்கும்.

"பொறுத்துப் பார்ப்போம், முடியலைன்னா போட்டுக்கலாம்" என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட நல்ல குணம். மைக்ரேனில் அது எதிராகத்தான் வேலை செய்கிறது. இது சாதாரணத் தலைவலி இல்லை, அதுதான் வருகிறது என்று தெரிந்த உடனே, வலி லேசாக இருக்கும்போதே, போதுமான அளவில் போட வேண்டும். பாதி மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மீதிப் பாதியைப் போடுவதில் பலன் குறைவு.

எதைப் போடுவது? லேசான, நடுத்தரமான வலிக்குப் பாராசிட்டமால், இபுப்ரோஃபென், நாப்ராக்சன் இவையே பலருக்குப் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பின்னிரண்டையும் கேட்காமல் தொடக்கூடாது. அதற்கு மேல் உள்ளது டிரிப்டான் குடும்பம். 1991இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த சுமட்ரிப்டான் முதலாவது. ரிசாட்ரிப்டான் முதலியவை பிறகு வந்தன. இவை பொதுவான வலி மாத்திரைகள் இல்லை. அந்த நரம்பு நுனிகளிலும் ரத்தக் குழாய்களிலும் உள்ள, செரடோனின் என்ற ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் குறிப்பிட்ட ஏற்பிகளில் போய் உட்காரும் மருந்து. வாந்தி நிற்காதவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் ஊசியும் உண்டு. இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் டிரிப்டான் ஆகாது. மற்றவர்களுக்கு நல்ல மருந்து. ஆனால் நம்மூரில் பல வருட மைக்ரேன்காரர்களுக்கும் இதை யாரும் எழுதித் தந்ததே இல்லை என்பது ஆச்சரியம்.

அந்த இடத்தில் இங்கே அதிகம் புழங்குவது பழைய எர்கோட்டமைன் கூட்டு மாத்திரை. எர்கோட்டமைன், காஃபின், பாராசிட்டமால், ஒரு குமட்டல் மருந்து என நாலும் ஒரே மாத்திரையில் இருக்கும். கேட்கிறதா என்றால் பலருக்குக் கேட்கிறது. ஆனால் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் போடக்கூடாத மாத்திரை அது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கை கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் கூடாது. டிரிப்டானும் இதுவும் ஒரே நாளில் சேரக்கூடாது. 24 மணி நேர இடைவெளி வேண்டும். தொண்டை வலிக்கு எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதைப் போட்டால், எர்கோட்டமைன் உடம்பில் கரையாமல் தங்கி, விரல்களுக்கு ரத்தம் போகாத அளவுக்குக் குழாய்கள் சுருங்கிவிடக்கூடும். கத்தரிக்கோலால் வெட்டித் தரும் இரண்டு மாத்திரையில் இந்த எச்சரிக்கை எதுவும் கூட வராது.

இப்போது இரண்டாவது கணக்கு, நாட்களின் கணக்கு. அடிக்கடி போடும் தலைவலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். பாராசிட்டமால் போன்ற தனி மருந்துகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், டிரிப்டான், எர்கோட்டமைன், ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்துகள், காஃபின் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் என்றால் மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் அந்த நிலை வரும். கவனிக்க வேண்டியது நாட்களை. ஒரே நாளில் இரண்டு மாத்திரை போட்டாலும் அது ஒரு நாள்தான். காலையில் எழுந்ததும் மந்தமான வலி, மாத்திரை போட்டால் மதியம் வரை பரவாயில்லை, மறுநாள் மறுபடியும் என்று ஆகிவிட்டால், பழைய மைக்ரேன் போய் தினசரித் தலைவலி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். மைக்ரேன் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மாத்திரை சேர்ப்பார்கள். தீர்வு அதை நிறுத்துவதுதான். நிறுத்திய முதல் சில நாட்கள் வலி கூடும், வாந்திகூட வரும். பிறகு பெரும்பாலானவர்களுக்கு இறங்கும். தூக்க மாத்திரை, ஓபியாய்டு பழக்கம் உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இந்தக் குழியில் விழாமலிருக்கத்தான் தடுப்பு மருந்துகள். மாதத்தில் நாலு நாளுக்கு மேல் மைக்ரேன் வந்தாலோ, குறைவாக வந்தாலும் ஆளை அடியோடு சாய்த்துவிட்டாலோ, தினமும் எடுக்கும் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். வேடிக்கை என்னவென்றால் இவற்றில் பழையவை எதுவும் மைக்ரேனுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை இல்லை. ப்ரோப்ரனலால் இதய மருந்து. 1960களில் நெஞ்சுவலிக்குச் சாப்பிட்டவர்களுக்குத் தலைவலியும் குறைந்ததால் இந்தப் பக்கம் வந்தது. ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்து. மைக்ரேனுக்கு மிகக் குறைந்த அளவில் இரவில் தருவார்கள், வாய் உலரும், தூக்கம் வரும். "எனக்கு எதுக்குப் பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரை?" என்று கூகுளில் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள் நிறைய, பாவம். டோபிராமேட்டும் வால்ப்ரோயேட்டும் வலிப்பு மருந்துகள். கருவைப் பாதிக்கும் என்பதால் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு, முக்கியமாக வால்ப்ரோயேட், தவிர்க்கப்பட வேண்டியவை. நம் நாட்டில் அதிகம் எழுதப்படும் ஃப்ளூனரிசின் எடையைக் கூட்டும், சிலருக்கு மனச்சோர்வையும் கை நடுக்கத்தையும் கொண்டுவரும். எதுவானாலும் இரண்டு மூன்று மாதம் எடுத்த பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். பத்து நாளில் கேட்கவில்லை என்று விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது.

மைக்ரேனுக்கென்றே உருவான தடுப்பு மருந்து 2018இல்தான் வந்தது: சிஜிஆர்பியின் வேலையை மறிக்கும் ஊசிகள், மாதத்துக்கு ஒன்று. எரெனுமாப் முதலில் வந்தது. அதே பாதையில் வேலை செய்யும் ஜெபான்ட் வகை மாத்திரைகள் 2019இலிருந்து வருகின்றன. இவற்றை அடிக்கடி போடுவதால் தலைவலி முற்றும் என்ற பயம் குறைவு. மாதத்தில் 15 நாளுக்கு மேல் தலைவலி உள்ளவர்களுக்கு நெற்றி, பிடரி, தோள் என 31 இடங்களில் போடும் போடாக்ஸ் ஊசியும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. விலைதான் இவை எல்லாவற்றையும் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறது.

தூண்டும் காரணங்களைப் பற்றிப் பேசாமல் முடியாது. ஆனால் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. ஒரு முகூர்த்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரேன் உள்ள ஓர் அம்மா, பெண் வீட்டார், காலை ஆறு மணி முகூர்த்தம், ஆகவே இரவு பன்னிரண்டுக்குப் படுத்து மூன்றுக்கே எழுந்தாயிற்று. தலைக்குக் குளித்து ஈரத்தோடு பின்னல் போட்டு, ஒரு முழம் ஜாதிமல்லி. காபி குடிக்க நேரமில்லை, தாலி கட்டிய பிறகுதான் டிபன். மேடையில் ஹோமப் புகை, வீடியோக்காரரின் விளக்கு நேராகக் கண்ணில், கெட்டிமேளம். பத்து மணிக்கு அந்த அம்மா மணமகள் அறையில் முந்தானையால் கண்ணை மூடிப் படுத்திருப்பார். "சென்ட் வாசனை ஒத்துக்கலை" என்பார்கள். சென்ட் மட்டும் என்றால் சமாளித்திருப்பார். கடன்காரர்கள் ஒவ்வொருவராக வந்தால் ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். எல்லோரும் ஒரே நாளில் வாசலில் வந்து நின்றால்தான் தொல்லை. தூக்கமும் சாப்பாடும் காபியும் நேரத்துக்கு இருந்திருந்தால் பூவையும் புகையையும் தாங்கியிருக்கலாம். விலக்க முடிந்ததை விலக்கி, முடியாததை விட்டுவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தலைக்குக் குளிப்பதை மேல்நாட்டுப் புத்தகங்களின் பட்டியலில் தேடினால் கிடைக்காது. "ஏம்மா, தலையை நல்லாத் துவட்டலையா?" என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதில்லை. மும்பையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வருகிறது என்ற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் சர்வதேசத் தலைவலி ஆய்விதழில் எழுதினார். அவர்களில் சிலருக்கு அது ஒன்றே காரணம், மற்றவர்களுக்குப் பலவற்றோடு ஒன்று. நீளமான முடி, நெடுநேர ஈரம் என்று யோசிக்கலாம். இப்படிப்பட்டவர்கள் பட்டினியாக இருக்கும் நாளிலும் வெளியே வெயிலில் போகும் நாளிலும் தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போட்டுப் பார்க்கலாம்.

விரதமும் அப்படியே. அமாவாசை, ஏகாதசி, நோன்பு எதுவானாலும் பட்டினியோடு காபி நிறுத்தமும் சேர்ந்துகொள்கிறது. தினமும் மூன்று டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவர் ஒரு நாள் விட்டால், 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பிக்கலாம். ரம்ஜான் நோன்புக்கு முன் சில நாட்களாகக் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வது இதற்கு நல்ல வழி. ஞாயிற்றுக்கிழமை தலைவலிக்கும் இதே விளக்கம்தான் பாதி: லேட்டாக எழுந்து, லேட்டாகக் காபி, ஒரு வாரத்து டென்ஷன் சட்டென்று இறங்கியது.

பெண்களுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சரியும்போது, அந்த முதல் நாளைச் சுற்றி, மைக்ரேன் வரும். அது மற்ற நாட்களில் வருவதைவிட நீளும், மருந்துக்கும் எளிதில் அடங்காது. நாள் முன்கூட்டித் தெரியும் என்பதால் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் நாப்ராக்சன் போன்றதை முன்னதாகவே தொடங்கும் முறை இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்ப காலத்தில் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே குறையும். கண்ணில் கோடுகள் மின்னும் வகை மைக்ரேன் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை எடுக்கக்கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். மாதவிடாயைத் தள்ளிப்போடவோ ஒழுங்குபடுத்தவோ மாத்திரை எழுதும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டு வைத்தியத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நெற்றியில் சுக்குப் பற்று, தைலம், தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி, கழுத்தில் ஐஸ் ஒத்தடம், இருட்டு அறை, தூக்கம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உதவுகின்றன. சுக்குப் பொடியைச் சுமட்ரிப்டானோடு ஒப்பிட்டு ஈரானில் நூறு பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வந்தது. இரண்டு மணி நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் என்றார்கள். சின்ன ஆய்வு, அதை வைத்து மருந்தைத் தூக்கிப் போட முடியாது. குமட்டலுக்குச் சுக்குக் காபி குடிப்பதில் நஷ்டமும் இல்லை. ஆனால் வாசனையே ஆகாதவர் நெற்றியில் தைலத்தை அப்புவது வம்பை விலைக்கு வாங்குவது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது நடை. ஸ்வீடனில் 91 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் 40 நிமிட உடற்பயிற்சி, இன்னொன்றுக்குத் தளர்வுப் பயிற்சி, மூன்றாவதுக்கு டோபிராமேட் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கவிளைவு மருந்துப் பிரிவில் மட்டும்தான். வலி இருக்கும் நாளில் நடக்கச் சொல்லவில்லை, அது அதிகமாக்கும். இல்லாத நாட்களில், வெயில் ஏறுவதற்கு முன்னால்.

எல்லாத் தலைவலியும் மைக்ரேன் என்று இருந்துவிடவும் கூடாது. நொடியில் உச்சத்துக்குப் போகும் இடி விழுந்தாற்போன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் தலைவலி, அடிபட்ட பிறகு வருவது, பிரசவத்துக்குப் பிறகான வாரங்களில் வருவது எல்லாமே அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. பிரசவத்துக்குப் பிறகு உடம்பில் நீர்ச்சத்து குறைந்து மூளையின் சிரைகளில் ரத்தம் உறையும் நோய் நம் நாட்டில் அரிதில்லை. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று அதைத் தள்ளிப்போடக்கூடாது.

மற்றபடி, மருத்துவரிடம் போகும்போது கையில் கொண்டுபோக வேண்டியது ஒன்றே ஒன்று. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரிலேயே குறித்துவிடலாம்: வலி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு அதன் மேல் ஒரு வட்டம், மாதவிடாய் நாளுக்கு ஒரு புள்ளி. வேறு எதுவும் எழுத வேண்டாம், எழுதினால் பத்து நாளில் சலித்துவிடும். மூன்று மாதத் தாளைக் கிழித்து மேஜையில் வைத்தால், வட்டங்கள் பத்தைத் தாண்டியிருக்கின்றனவா, புள்ளிகளைச் சுற்றிக் கோடுகள் குவிகின்றனவா என்று அவரே பார்த்துக்கொள்வார். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாருக்கும் நேரம் ஒதுக்க முடியாத புறநோயாளிப் பிரிவில்கூட அதைப் படித்துவிட முடியும்.